ஜே. என். டாடா அறநிதி

வெளிநாட்டில் உயர்கல்வி பயிலும் இந்திய மாணவர்களுக்குப் பொருளுதவி செய்யும் அறக்கட்டளை. தொழிலதிபர் ஜம்சேத்ஜி நசர்வான்ஜி டாடா (1839–1904) இதை 1892இல் நிறுவினார். தலைமையிடம் மும்பை.

தோற்றம்: அன்று இந்தியக் குடிமைப் பணித் தேர்வு லண்டனில் மட்டுமே நடைபெற்றது, 1922 முதல்தான் இந்தியாவிலும் எழுத முடிந்தது. மருத்துவம், பொறியியல் ஆகியவற்றில் மேற்படிப்புக்கும் கடல் கடக்க வேண்டியிருந்தது. திறமை இருந்தும் பணமின்றி நின்ற இளைஞர்களுக்கு இந்நிதி வழி திறந்தது. தொடக்கத்திலேயே உதவி பெற்றவர்களுள் ஃபிரெனி காமா என்ற பெண் மருத்துவரும் ஒருவர். பெண்கல்வி அரிதாக இருந்த காலத்தில் இது துணிவான முடிவு.

செயல்முறை: இது நன்கொடையன்று, கடன் உதவித்தொகை. பட்டதாரிகள் விண்ணப்பித்து, நேர்காணல் வழியே தேர்வு பெறுகின்றனர். படித்து முடித்தவர்கள் திருப்பிச் செலுத்தும் தொகை அடுத்த தலைமுறை மாணவர்களுக்குப் பயன்படுகிறது. உதவி பெறுபவர் தன்மதிப்புடன் பயில்வதும், நிதி வற்றாமல் சுழல்வதும் இம்முறையின் சிறப்புகள்.

பயன்பெற்றோர்: லண்டன் பொருளியல் கல்லூரியில் பயின்று, பின்னர் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணன், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலிருந்து லண்டன் சென்ற அணு அறிவியலாளர் ராஜா ராமண்ணா, கேம்பிரிட்ஜில் பயின்ற வானியற்பியலாளர் ஜெயந்த் நர்லிகர் முதலியோர். இவர்கள் தாயகம் திரும்பி ஆற்றிய பணி, தனிமனிதரின் கல்விக்கு இடும் முதலீடு நாட்டுக்கே பலன் தரும் என்பதற்குச் சான்று.