அன்றே வீடு திரும்பும் சத்திரசிகிச்சை

சத்திரசிகிச்சை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன வாட்டும் கட்டிலுமே. காலையிற் சத்திரசிகிச்சை பெற்றவர் மாலையில் வீடு வந்து சேர்ந்தாராயின், "இரண்டு நாளாவது மறித்து வைத்திருக்கலாமே, அதற்குள் துண்டு வெட்டிவிட்டார்களே!" என்று உறவினர் குறைகூறுதல் வழக்கம். கட்டில் பற்றாமையால் நேர்ந்த சிக்கனமே இது என்பது அவர்கள் எண்ணம். இம்முறையின் வரலாறோ அவ்வளவு எளியதன்று.

நோவை மறக்கச்செய்யும் ஈதர் 1846 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலும், குளோரபோம் 1847 இல் ஸ்கொத்லாந்தின் எடின்பரோவிலும் வழக்கிற்கு வந்தன. எனினும், புண் சீழ்கொண்டு உயிரைக் குடிக்கும் ஆபத்து நீங்கவில்லை. 1865 இல் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்ரர் காபோலிக் அமிலத்தினாற் புண்ணைக் காக்கத் தொடங்கிய பின்னரே அது தணியலாயிற்று. புண் தூய்மையாக ஆறுமாயின், நோயாளி வைத்தியசாலையிலேயே கிடத்தல் எதற்கு? இவ்வினாவிற்குச் செயலால் விடை தந்தவரும் கிளாஸ்கோ நகரத்தவரே.

அவர் பெயர் ஜேம்ஸ் நிக்கொல். அந்நகரின் சிறுவர் வைத்தியசாலையைச் சார்ந்த வெளிநோயாளர் மருந்தகத்திற் பணியாற்றிய சத்திரவைத்தியர். அங்கு பத்தாண்டுகளில் 8,988 சத்திரசிகிச்சைகள் நடந்தன என்று 1909 இல், பெல்பாஸ்ட் நகரிற் கூடிய பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் முன் அவர் எடுத்துரைத்தார். உதட்டுப்பிளவு, அண்ணப்பிளவு, குடலிறக்கம், வளைபாதம் முதலியன அவற்றுள் அடங்கும்; அற்பமானவை என்று தள்ளத்தக்கவை அல்ல. கைக்குழந்தைகளும் அன்றே வீடு சென்றனர். செலவு பத்திலொரு பங்கே என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆயினும், அவரது முதன்மையான நியாயம் வேறு. பால்குடிக்குங் குழந்தையைத் தாயினின்று பிரித்தல் கேடு. வாட்டுக் கட்டிலைவிடத் தாயின் கையிலேயே அது அமைதியாகக் கிடக்கும் என்பதே அது.

இங்கு ஒன்றை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். நிக்கொல் குழந்தையை அனுப்பிவிட்டுக் கைகழுவினாரல்லர். தாதியர் வீடு சென்று பார்த்துவந்தனர். தாயும் சேயும் தங்குதற்கென வைத்தியசாலைக்கு அருகே சிறுவீடொன்றையும் அவர் வைத்திருந்தார். குறைந்தது கட்டில், கவனிப்பன்று.

வளர்ந்தோர்க்கு இம்முறை வரக் காலஞ் சென்றது. 1955 இல் எடின்பரோவைச் சேர்ந்த எரிக் பார்க்குவர்சன் என்பார், விறைப்பு மருந்து மட்டுங் கொடுத்துக் குடலிறக்கத்திற்குச் சத்திரசிகிச்சை செய்து அன்றே அனுப்பிய 458 பேரின் விபரத்தை 'லான்செற்' என்னும் மருத்துவ ஏட்டில் வெளியிட்டார். நெடுநாட் கிடந்தாற் கால் நாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு; எழுந்து நடப்பதே நன்று என்பது மருத்துவருட் பலருக்குத் தெளிவாகிவந்த காலம் அது. 1970 இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் வாலஸ் ரீட், ஜோன் போட் என்னும் மயக்கமருந்து நிபுணர் இருவர் இதற்கென்றே தனி நிலையம் ஒன்றை அமைத்தனர். இன்று கண்புரை நீக்கம் போன்றவை பெரும்பாலும் இவ்வாறே நடைபெறுகின்றன.

நிக்கொலின் தாதியர் ஆற்றிய பணி இன்று பெரும்பாலும் வீட்டாரையே சார்ந்துள்ளது. அதனை அறியாது செல்வோரே இடர்ப்படுகின்றனர். முழு மயக்கம் பெறவிருப்பவர் பொதுவாக ஆறு மணி நேரம் உணவு கொள்ளலாகாது. தெளிந்த நீரை இரண்டு மணி நேரத்திற்கு முன்னரே நிறுத்துதல் வேண்டும். இரைப்பையிலுள்ளது மயக்கத்தில் மேலெழுந்து சுவாசப்பையினுட் புகக்கூடும். "ஒரு வாய்த் தேநீர்தானே" என்பார் நம்மிற் பலர். பால் கலந்த தேநீரை மருத்துவர் தெளிந்த நீராகக் கொள்வதில்லை. நீரிழிவுக்கும், இரத்தம் உறையாமைக்கும் உட்கொள்ளும் மருந்துகளை முன்கூட்டியே கூறுங்கள்; தாமாக நிறுத்துதலும் தவறு.

மயக்கம் தெளிந்தாற்போலத் தோன்றினும் அறிவு முற்றுந் தெளிய நேரமாகும். ஆகவே ஒருநாள் வரை வாகனம் ஓட்டுதலும் உறுதிப்பத்திரங்களிற் கையொப்பமிடுதலும் ஆகா. வளர்ந்த ஒருவர் உடன்வந்து அன்றிரவு அருகிலிருத்தல் வேண்டும். இரத்தம் நில்லாது பெருகினாலும், காய்ச்சல் கண்டாலும், புண் சிவந்து வீங்கினாலும், சிறுநீர் பிரியாவிடினும், விடியட்டும் என்று காத்திராதீர்கள். அவ்வேளையில் அழைக்கவேண்டிய தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்ட பின்னரே வைத்தியசாலைப் படியினின்று இறங்குங்கள்.