சாய்த்து இறக்கிய கற்றூண்

காலிகுலா சக்கரவர்த்தியின் காலத்தில் எகிப்திலிருந்து கப்பலேறி ரோமாபுரிக்கு வந்த ஒற்றைக்கல் தூணை (கப்பல் ஆட்டங்கொள்ளாதிருக்க அடிப்பாரமாக மைசூர்ப் பருப்பைக் கொட்டினார்கள் என்று பண்டை ரோம ஆசிரியர் பிளினி எழுதுவது வேடிக்கைதான்) 1586-ஆம் ஆண்டில், பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸின் ஆக்ஞைப்படி இடம் பெயர்த்தவர் டொமினிக்கோ ஃபொந்தானா.

அவர் முதலில் செய்த காரியம், அதே ஜாதிக் கல்லில் ஒரு சாண் கனசதுரம் வெட்டி நிறுத்து, அதைக்கொண்டு 300 டன்னுக்கு மேற்பட்ட முழுப் பாரத்தையும் கணித்தது. பிறகு தூணுக்குப் பாயும் பலகையும் போர்த்தி, இரும்புப் பட்டைகளால் இறுக்கி, ஏப்ரல் 30-ஆம் தேதி, ஏறக்குறைய 900 ஆட்களையும் 75 குதிரைகளையும் வடம் சுற்றும் 40 உருளைப்பொறிகளில் நிறுத்தினார். எக்காளம் ஊதினால் இழுக்கவேண்டும். மணி அடித்தால் நிறுத்தவேண்டும். இடையே எவரும் வாய் திறக்கலாகாது. தேர் வடம் பிடித்தவர்களுக்கு அந்த மௌனத்தின் அவசியம் விளங்கும்.

மே 7-ஆம் தேதி தூண், சாரத்து முட்டுகளின்மேல் அங்குலம் அங்குலமாகச் சாய்ந்து படுத்தது. செப்டம்பர் 10-ஆம் தேதி புதிய பீடத்தில் நிமிர்ந்தது.

இவ்வளவையும் சித்திரங்களோடு 1590-இல் கிரந்தமாக வெளியிட்ட ஃபொந்தானா, முதல் நாளில் இரும்புப் பட்டைகள் விட்டுப்போனதையும், சணல் வடங்களே தாங்கியதையும் அதில் மறைக்கவில்லை.