பிபி84 நெறிமுறை

குவாண்டம் இயற்பியலைக் கொண்டு ரகசியச் சாவி பரிமாறும் முறை. ஐபிஎம் ஆய்வாளர் சார்லஸ் பென்னட்டும் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் ஜில் பிரசாரும் 1984இல் பெங்களூரு மாநாடு ஒன்றில் இதை வெளியிட்டனர்.

அனுப்புபவர் ஒவ்வொரு ஒளித்துகளையும் நான்கு முனைவாக்கத் திசைகளில் ஏதேனும் ஒன்றில் விடுவார். பெறுபவர் இரு அளவீட்டு முறைகளில் ஒன்றைத் தற்செயலாகத் தேர்ந்து அளப்பார். பிறகு இருவரும் எந்த முறை என்பதை மட்டும் வெளிப்படையாக ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைக் கழித்துவிடுவார்கள். எஞ்சுவதே சாவி. இடையில் ஒருவர் எல்லாத் துகள்களையும் அளந்து மீண்டும் பெறுபவருக்கு அனுப்பினால், எஞ்சிய பிட்டுகளில் சுமார் 25 சதவீதம் பிழையாகும். சில பிட்டுகளை ஒப்பிட்டாலே குட்டு வெளிப்பட்டுவிடும். வியக்க வைக்கும் எளிமை இது!

ஆனால் நடைமுறையில் கருவிகளின் குறைபாடுகளைப் பயன்படுத்தித் தாக்க முடியும் என்பதும் சோதனைகளில் தெரிந்தது.

ஆனாலும் 2017இல் சீனாவின் மீசியஸ் செயற்கைக்கோள் இம்முறையில் வழங்கிய சாவிகளைக் கொண்டு பெய்ஜிங்கும் வியன்னாவும் காணொளியில் பேசின.