நுளம்பு கடித்தால் எச்.ஐ.வி வருமா? ஒரு பூட்டின் வரலாறு



வன்னியில் நாம் மலேரியாவோடு வாழ்ந்து பழகியவர்கள். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தும் நுளம்புப் பயம் நம்மை விட்டுப் போகவில்லை. எச்.ஐ.வி பற்றிப் பேச்செடுத்தால் பிள்ளைகள் முதலில் கேட்பது, "சேர், நுளம்பு கடிச்சா வருமா?" பெரியவர்கள் கேட்பதும் அதுதான், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி.

வராது. ஏன் வராது என்று உலகம் அறிந்துகொண்ட கதையைப் பார்ப்போம்.

1986 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நிர்மலா என்ற பட்டப்பின்படிப்பு மாணவி, தன் பேராசிரியை சுனிதி சொலமனின் சொற்படி பாலியல் தொழில் செய்த பெண்களிடம் இரத்த மாதிரிகள் சேகரித்தார். வசதியில்லாததால் அவற்றை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, பிறகு வேலூருக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி இருந்தது. இந்தியாவில் அதுவே முதல் கண்டுபிடிப்பு. ஆய்வாளர்களை உலகம் பாராட்டியது, நியாயம்தான். இரத்தம் கொடுத்த அந்தப் பெண்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

இனி விஞ்ஞானம். எச்.ஐ.வியிடம் இருப்பது ஒன்பதே பரம்பரையலகுகள். நம்மிடம் ஏறக்குறைய 20,000. அடுப்பும் சட்டியும் இல்லாமல் வந்து நம் குசினியிலேயே சமைக்கும் விருந்தாளி அது. ஆனால் குசினிக்குள் வருவதற்குக் கதவு திறக்க வேண்டுமே?

1984 இல் பாரிஸிலும் லண்டனிலும் இரு குழுக்கள் முதல் பூட்டைக் கண்டன: சில வெண்குருதிக் கலங்களின் மேலிருக்கும் சிடி4 என்ற புரதம். ஆனால் மனித சிடி4 ஐ எலிக் கலத்தில் வைத்துப் பார்த்தபோது வைரஸ் வந்து ஒட்டியது, உள்ளே போகவில்லை. இன்னொரு பூட்டு இருக்கிறதென்று அப்போதே தெரிந்தது. அது என்னவென்று காண பத்து வருடம் பிடித்தது. 1996 இல்தான் சிஎக்ஸ்சிஆர்4, சிசிஆர்5 என்ற துணைப் புரதங்கள் பிடிபட்டன. சிசிஆர்5 பிறவியிலேயே குறைபட்ட சிலருக்கு இந்தத் தொற்று எளிதில் ஏறுவதில்லை. அப்படியொருவரின் எலும்பு மச்சையை 2007 இல் பேர்லினில் திமதி ரே பிரவுன் என்ற நோயாளிக்கு மாற்றினார்கள். உலகில் எச்.ஐ.வியிலிருந்து குணமான முதல் மனிதர் அவர்.

வாசலோடு முடியவில்லை. 2008 இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் நம் கலத்தின் பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்தார்கள். இந்த வைரஸ் பெருகுவதற்கு நம்முடைய 250 க்கும் மேற்பட்ட புரதங்கள் துணைபோவது தெரிந்தது.

இப்போது நுளம்புக்கு வருவோம். மலேரியாக் கிருமி நுளம்பின் வயிற்றில் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு ஏறுகிறது. எச்.ஐ.விக்கு நுளம்பிடம் பூட்டும் இல்லை, குசினியும் இல்லை. குடித்த இரத்தத்தோடு செரித்துப் போகிறது. ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலும், கைகொடுப்பதாலும், பக்கத்தில் நின்று தொழுவதாலும் தொற்றாது. இத்தனை தெரிந்த பிறகும் ஒரு குடும்பத்தை ஊர் ஒதுக்கினால், அது நோய்ப் பயமல்ல, வேறெதுவோ.

தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் எடுக்கும் இரத்தப் பரிசோதனைதான் அதற்கு அடிப்படை. பரிசோதனையும் மருந்தும் அரச வைத்தியசாலைகளில் இலவசம். உங்கள் வீட்டுக் கர்ப்பிணிக்கு அது விடுபட்டிருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.