பரேல் ஆய்வுக்கூடத்து அம்மையார்

பரேல் வழியாக நாள்தோறும் அலுவலகம் செல்லும் நம்மவர் பலருக்கும் டாட்டா நினைவு மருத்துவமனையின் வாயில் பழகிய காட்சியே. 1941-ல் திறக்கப்பெற்ற அம்மருத்துவமனையை ஒட்டி வளர்ந்தது புற்றுநோய் ஆராய்ச்சிக் கூடம். 1966-ல் அதன் இயக்குநர் பொறுப்பு ஒரு பெண்மணியிடம் வந்தது. அவரே கமல் ரணதிவே அம்மையார்.

1917-ல் பூனாவில் பிறந்தவர். பெர்குஸன் கல்லூரியில் உயிரியல் கற்பித்த தந்தையார், மகள் மருத்துவராக வேண்டுமென விரும்பினார். மகளுக்கோ செடிகளையும் பிராணிகளையும் பற்றிய படிப்பிலேயே நாட்டம். கணித அறிஞர் ஒருவரை மணந்து பம்பாய்க்கு வந்தபின், நோய்க்குறியியல் மேதை கானோல்கரின் கீழ் ஆராய்ந்து 1949-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்கா சென்று, பால்டிமோர் நகரில் ஜார்ஜ் கை என்பாரிடம் திசு வளர்ப்புக் கலையைப் பயின்றார்.

உடலினின்றும் எடுத்த உயிரணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் உணவூட்டி வளர்ப்பதே அக்கலை. கேட்பதற்கு எளிதுதான். ஆனால் காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்து ஒன்று உள்ளே புகுந்தால் வாரக்கணக்கான உழைப்பு பாழாகும். தாயகம் திரும்பிய அம்மையார், இந்நாட்டின் முதல் திசு வளர்ப்புக் கூடத்தைப் பம்பாயில் நிறுவினார். எலிகளிடத்தே மார்பகப் புற்று தோன்றுவதில் பரம்பரை, இயக்குநீர், வைரஸ் ஆகியவற்றுக்குள்ள பங்கினைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். உயிரணுவியல், தடுப்பாற்றலியல் முதலிய புதிய பிரிவுகளும் அவர் முயற்சியால் எழுந்தன.

நிர்வாக நாற்காலி ஆராய்ச்சியாளருக்கு ஒருவகை வனவாசம் என்பர். கோப்புகளும் குழுக்களும் நுண்ணோக்கியினின்றும் மனிதரைப் பிரித்துவிடும் என்பது உண்மையே. எனினும், 1970 வரை அப்பொறுப்பை வகித்த அம்மையாரின் பொதுப்பணி அத்துடன் ஓயவில்லை. 1973-ல் தோழியர் சிலருடன் இந்தியப் பெண் விஞ்ஞானிகள் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

அதன் அருமையை நம் காலனிக் குடும்பங்கள் நன்கறியும். எம்.எஸ்ஸி. தேறிய எத்தனையோ பெண்கள், கைக்குழந்தையை விட்டுச் செல்ல இடமின்றி ஆய்வகத்தைத் துறந்தனர்! அவர்கள் அறிவில் குறையேதுமில்லை. மாமியார் ஊரில், தாயார் வேறு ஊரில், அவ்வளவே. வாஷியில் அச்சங்கம் ஏற்படுத்திய மகளிர் விடுதியும் குழந்தைகள் காப்பகமும் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இடம்பெறா. ஆயினும் அவை விஞ்ஞானப் பணியே என்பது என் துணிபு.

பத்மபூஷண் விருது 1982-ல் வந்தது. ஓய்வுக்குப் பின் அகமத்நகர் மாவட்டத்து மலைவாழ் மக்களின் ஊர்களுக்குச் சென்று, குழந்தைகளின் ஊட்டக்குறைவை ஆராய்ந்துகொண்டிருந்தார். 2001-ல் மறைந்தார். வாஷிக் காப்பகத்துக்குக் குழந்தைகளை அழைத்துவரும் தாய்மாருள் அவர் பெயரை அறியாதாரும் பலர் இருக்கக்கூடும்.