ஆப்கானியக் கிராமமும் அந்நியப் படையும் (1978 – 1989)

1989ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள், சோவியத் ஒன்றியத்தின் 40ஆம் இராணுவத் தளபதி பொறிஸ் குரோமோவ் அமு தாரியா ஆற்றின் மீதமைந்த பாலத்தைக் கடந்து தெர்மெஸ் நகரை அடைந்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாக நீடித்த ஒரு போர் அத்துடன் சோவியத் மக்களைப் பொறுத்தவரை முடிவுற்றது. ஆப்கானிய மக்களைப் பொறுத்தவரை அது முடிவுறவில்லை.

உலகின் மிகப் பெரிய படைகளுள் ஒன்று, வறுமைப்பட்ட மலைநாடொன்றின் கிளர்ச்சியாளரை ஏன் அடக்க முடியாது போயிற்று என்ற வினாவுக்குப் பொதுவாக மூன்று விடைகள் கூறப்படுகின்றன. ஆப்கானியர் இயல்பாகவே அந்நியருக்கு அடங்காதவர் என்பது ஒன்று. இஸ்லாமியப் பற்றே போரின் உயிர்நாடி என்பது மற்றொன்று. ஐக்கிய அமெரிக்காவும் பாக்கிஸ்தானும் சவூதி அரேபியாவும் வழங்கிய ஆயுதமும் பணமுமே காரணம் என்பது மூன்றாவது. இம்மூன்றிலும் உண்மை உண்டு. ஆயின் கிளர்ச்சி ஏன் 1978இல் வெடித்தது, அதற்கு முன்னர் ஏன் வெடிக்கவில்லை என்ற வினாவுக்கு இவற்றுள் எதுவும் தனித்து விடை தருவதில்லை. அந்நியப் படை வருவதற்கு ஓராண்டுக்கு முன்னரே கிராமங்கள் கிளர்ந்தெழுந்துவிட்டன. ஆகவே போரின் தோற்றுவாயைப் போர்க்களத்திலன்றிக் கிராமத்திலே தேடுவது பொருத்தமாகும். அத்தேடலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிராமத்தின் பொருளாதாரம்

1970களில் ஆப்கானிய மக்களுட் பெரும்பான்மையோர் கிராமங்களில் வாழ்ந்தனர். வரண்ட அந்நாட்டில் நிலத்தை விட நீரே அரியது. மலையடிவாரத்தின் நிலத்தடி நீரை நெடுந்தூரம் சுரங்க வாய்க்கால் வழியே வயலுக்குக் கொண்டுவரும் 'கரேஸ்' என்னும் அமைப்பும், ஆறுகளிலிருந்து வெட்டப்பட்ட கால்வாய்களும் வேளாண்மைக்கு ஆதாரமாயிருந்தன. எவர் வயலுக்கு எப்போது எவ்வளவு நீர் என்பதைத் தீர்மானித்தவர் 'மிராப்' எனப்பட்ட நீர் அதிகாரியாவார். நம் நாட்டு வட்டவிதானையை ஒத்த இவரைக் கிராமத்தவரே தெரிவு செய்தனர். கரேஸைத் துப்புரவு செய்தலும் கால்வாயைத் திருத்துதலும் கூட்டு உழைப்பாகவே நடைபெற்றன.

விளைச்சலைப் பங்கிடும் முறையும் இங்கு கவனிக்கத்தக்கது. நிலம், நீர், விதை, உழவு மாடு, உழைப்பு என்னும் ஐந்து கூறுகளாக உற்பத்திச் சாதனங்கள் வகுக்கப்பட்டன. எக்கூற்றை எவர் வழங்கினாரோ அவர் அதற்குரிய பங்கைப் பெற்றார். உழைப்பை மட்டுமே வழங்கிய வாரக்குடியின் பங்கு பல இடங்களில் ஐந்திலொன்றாகவே இருந்தது. இது நீதியான முறையன்று. நிலவுடைமையாளன் கடன் கொடுப்போனாகவும், ஊர்ப் பெரியோனாகவும், பெரும்பாலும் குடியானவனின் உறவினனாகவும் இருந்தான். சுரண்டலும் உறவும் ஒரே கயிற்றின் இரு புரிகளாகப் பின்னிக் கிடந்தன. இந்தப் பின்னலைப் புரிந்துகொள்ளாதோர் அக்கயிற்றை அறுக்க முற்பட்டதே பின்வந்த துன்பங்களுக்கெல்லாம் தொடக்கமாகும்.

ஆணைகளால் வந்த புரட்சி

1978 ஏப்ரல் 27ஆம் நாள் இராணுவப் புரட்சியொன்றின் மூலம் ஆப்கானிஸ்தான் மக்கள் ஜனநாயகக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது. ஜனாதிபதி தாவூத் கொல்லப்பட்டார். நூர் முகம்மது தராக்கி ஆட்சித் தலைவரானார். 1965இல் நிறுவப்பட்ட இக்கட்சி 'கல்க்', 'பர்ச்சாம்' என இரு பிரிவுகளாகப் பிளவுண்டிருந்தது. ஆசிரியர், மாணவர், அரச ஊழியர், இராணுவ அதிகாரிகள் ஆகியோரே அதன் அங்கத்தவர். கிராமத்தில் அதற்கு வேர் இருக்கவில்லை.

இக்கட்சி இயற்றிய ஆணைகளுள் மூன்று முக்கியமானவை. ஆறாம் ஆணை குடியானவரின் ஈட்டுக் கடன்களையும் வட்டியையும் நீக்கவும் குறைக்கவும் முற்பட்டது. ஏழாம் ஆணை மணமகளுக்காகக் கொடுக்கப்படும் பணத்தை 300 ஆப்கானியாக வரையறுத்து, திருமண வயதைப் பெண்ணுக்கு 16 எனவும் ஆணுக்கு 18 எனவும் விதித்தது. எட்டாம் ஆணை முதற்தர நிலத்தின் உச்ச வரம்பை ஒரு குடும்பத்துக்கு 30 ஜெரிப், அதாவது ஏறத்தாழ 6 ஹெக்டயர், என நிருணயித்து, எஞ்சியதை நட்டஈடின்றிப் பறித்து நிலமற்றோருக்கு வழங்கப் பணித்தது.

இவ்வாணைகளின் இலட்சியத்தைக் குறைகூற இயலாது. கடனில் மூழ்கிய குடியானவனின் விடுதலையையும், விலைபேசப்பட்ட பெண்ணின் மானத்தையும் எவர் மறுப்பர்? ஆயின் ஆணைகள் நடைமுறையில் என்ன செய்தன என்பதே வரலாற்று மாணவன் எழுப்பவேண்டிய வினா. ஐந்து கூறுகளுள் நிலம் என்ற ஒன்றே குடியானவனுக்குக் கிடைத்தது. நீருரிமை பற்றி எட்டாம் ஆணையில் தெளிவான ஏற்பாடு இருக்கவில்லை. விதையும் உழவு மாடும் அதுவரை நிலவுடைமையாளனிடமிருந்தே வந்தன. ஆறாம் ஆணையின் பின் அவன் கடன் கொடுப்பதை நிறுத்திக்கொண்டான். அவனது இடத்தை நிரப்பும் ஆற்றல் அரச வங்கிக்கோ கூட்டுறவுச் சங்கங்களுக்கோ இருக்கவில்லை. காணி உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு விதையின்றி நின்றான் குடியானவன். பிறர் நிலத்தைப் பறித்து உண்பது மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்று ஊர் முல்லா கூறியபோது, அச்சொல் ஏற்கெனவே கலங்கியிருந்த மனத்திலே விழுந்தது. சமய உணர்வு கிளர்ச்சிக்கு மொழியைத் தந்தது. கிளர்ச்சிக்கான சூழலை ஆணைகள் தந்தன.

ஆணைகளை எடுத்துச் சென்ற முறை நிலைமையை மேலும் கெடுத்தது. நகரிலிருந்து வந்த இளைஞர் ஆயுதம் தாங்கிய காவலருடன் கிராமத்துட் புகுந்தனர். எழுத்தறிவு வகுப்புக்குப் பெண்களை வற்புறுத்தி அழைத்தமை, அறிவூட்டலாகவன்றி அவமதிப்பாகவே கொள்ளப்பட்டது. எதிர்த்தோரும், எதிர்க்கக்கூடும் எனக் கருதப்பட்டோரும் சிறையிடப்பட்டனர். காபூலுக்கு அண்மையிலுள்ள புல்-இ-சர்க்கி சிறை அக்காலத்தின் அச்சுறுத்தும் சின்னமாயிற்று. 1978, 1979ஆம் ஆண்டுகளிற் கொல்லப்பட்ட ஏறத்தாழ 5,000 பேரின் பெயர்ப்பட்டியல் 2013இல் நெதர்லாந்து அதிகாரிகளால் வெளியிடப்பட்டபோதே, பல குடும்பங்கள் தம் உறவினரின் முடிவை உறுதியாக அறிந்தன.

மொஸ்கோவின் தயக்கம்

1978இன் பிற்பகுதியிலேயே கிழக்கே நூரிஸ்தானிற் கிளர்ச்சி தோன்றியது. 1979 மார்ச்சில் மேற்கே ஹெராத் நகரம் எழுந்தது; அங்கு நிலைகொண்டிருந்த 17ஆம் படைப்பிரிவினர் பலர் கிளர்ச்சியாளருடன் இணைந்தனர். அதிர்ச்சியுற்ற தராக்கி, சோவியத் படைகளை அனுப்புமாறு பிரதமர் கோசிஜினைத் தொலைபேசியில் வேண்டினார். சோவியத் ஒன்றியத்தின் தாஜிக்கியரையும் உஸ்பெக்கியரையும் ஆப்கானியச் சீருடையில் அனுப்பலாம் என்றும் அவர் யோசனை கூறினார்.

சோவியத் ஒன்றியம் கலைந்த பின் வெளியான ஆவணங்கள் இதற்குக் கிடைத்த மறுமொழியை நமக்குக் காட்டுகின்றன. மொஸ்கோ மறுத்தது. நாட்டின் பொருளாதாரம் பின்தங்கியது, கிராம மக்கள் பெரும்பாலும் எழுத்தறிவற்றோர், எனவே அங்கு புரட்சிச் சூழ்நிலையே இல்லை என்ற கருத்தை அரசியற் குழுவில் அந்திரோப்போவ் முன்வைத்தார். தராக்கி மொஸ்கோ சென்றபோது, வியட்நாமியர் தம் நாட்டை அந்நியப் படையின் துணையின்றித் தாமே காத்தனர் என்பதைக் கோசிஜின் அவருக்கு எடுத்துக்காட்டினார். படை சென்றால் அது அந்நிய ஆக்கிரமிப்பாளனோடு மட்டுமன்றி, ஆப்கானிய மக்களில் ஒரு பகுதியோடும் போரிட நேரும் என்பதை மொஸ்கோ அன்றே அறிந்திருந்தது.

அறிந்திருந்தும் ஒன்பது மாதங்களின் பின் அப்படை சென்றது. செப்ரெம்பரில் தராக்கியை வீழ்த்திய ஹபிசுல்லா அமீன் மீது மொஸ்கோ நம்பிக்கை இழந்தது. அவர் ஐக்கிய அமெரிக்காவின் பக்கம் சாயக்கூடும் என்ற ஐயமும், எல்லையில் ஒரு நட்பாட்சி சரிந்துவிடும் என்ற அச்சமும் முன்னைய விவேகத்தை மூடின. டிசம்பர் 12இல் தலைவர் சிலரே கூடி முடிவெடுத்தனர். டிசம்பர் 27இல் அமீன் கொல்லப்பட்டு, பப்ரக் கர்மல் ஆட்சியில் அமர்த்தப்பட்டார்.

கிளர்ச்சி தேசியப் போராதல்

அந்நியப் படையின் வருகை செய்த முதன்மையான மாற்றம் இராணுவ மாற்றமன்று, அரசியல் மாற்றமாகும். அதுவரை ஆங்காங்கே சிதறிக் கிடந்த கிராமக் கிளர்ச்சிகள் ஆட்சியொன்றுக்கு எதிரானவையாக இருந்தன. இப்போது அவை நாட்டை மீட்கும் போராயின. 1839 – 1842, 1878 – 1880, 1919 ஆகிய ஆண்டுகளில் ஆங்கிலேயருடன் நிகழ்ந்த போர்களின் நினைவு மீண்டும் உயிர்பெற்றது. கிராமத்தவரோடு நகரத்தவரும் சேர்ந்தனர். 1980 பெப்ரவரியிற் காபூல் மக்கள் இரவிலே கூரைகளின் மீதேறி 'அல்லாஹு அக்பர்' என முழங்கினர். அரச படையினரிற் பெருந்தொகையானோர் தப்பியோடினர். ஆட்சிக்கு உதவ வந்த படை, அவ்வாட்சிக்கு எஞ்சியிருந்த சிறிதளவு நியாயத்தையும் போக்கிவிட்டது.

ஏறத்தாழ ஓர் இலட்சம் சோவியத் வீரர் நகரங்களையும் பெருந்தெருக்களையும் காத்து நின்றனர். சோவியத் எல்லையிலிருந்து காபூலுக்கு எரிபொருளும் உணவும் செல்லும் முதன்மையான பெருந்தெரு சாலங் சுரங்கப் பாதையினூடே சென்றது. அதற்கு அண்மையில் அமைந்த பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கிலிருந்து அஹ்மத் ஷா மசூத்தின் கெரில்லாக்கள் வாகனத் தொடர்களைத் தாக்கினர். அப்பள்ளத்தாக்கின் மீது மீண்டும் மீண்டும் பெரும் படையெடுப்புகள் நிகழ்ந்தன. படை வரும்போது கெரில்லாக்கள் பக்கப் பள்ளத்தாக்குகளுட் பின்வாங்கினர். படை திரும்பியதும் மீண்டனர். 1983இல் சோவியத் தரப்பே மசூத்துடன் தற்காலிகப் போர்நிறுத்தம் செய்துகொள்ள நேர்ந்தது.

கெரில்லாவைப் பிடிக்க இயலாத படை கிராமத்தைத் தண்டித்தது. மக்கள் நீராயின் கெரில்லா மீன் என்பது மா சே துங்கின் கருத்து. மீனைப் பிடிக்க நீரை வற்றச் செய்தல் என்பதே இங்கு நடந்தது. கிராமங்கள் வானிலிருந்து குண்டுவீசப்பட்டன, கரேஸ்கள் இடிந்தன, வயல்களிற் கண்ணிவெடிகள் விதைக்கப்பட்டன. ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாக்கிஸ்தானிலும் ஈரானிலும் அகதிகளாயினர். சோவியத் வீரர் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர். மாண்ட ஆப்கானியரை எவரும் எண்ணி வைக்கவில்லை. பத்து இலட்சம் என்பது பரவலாகக் கூறப்படும் மதிப்பீடு.

பெஷாவரிற் பிறந்த தலைமை

இத்துடன் கிராமத்தின் கதையை நிறுத்திக்கொண்டால் அது பாதி வரலாறாகவே அமையும். மறுபாதி பாக்கிஸ்தானின் பெஷாவரில் நடந்தது. அகதிகளாய் வந்த கிராமத்தவர், பாக்கிஸ்தான் அங்கீகரித்த ஏழு கட்சிகளுள் ஒன்றிற் பதிவு செய்தாலே உதவிப் பொருட்களைப் பெற முடிந்தது. அமெரிக்க, சவூதிப் பணத்தில் வாங்கிய ஆயுதங்கள் பாக்கிஸ்தானிய இராணுவ உளவுத்துறையின் கையூடாகவே பங்கிடப்பட்டன. எவருக்குக் கிராமத்தில் ஆதரவு என்பதன்றி, எவர் அத்துறைக்கு உகந்தவர் என்பதே அளவுகோலாயிற்று. குல்புதீன் ஹெக்மத்தியார் பெரும்பங்கைப் பெற்றமை இவ்வகையிலேயே. மிராப்பும் ஊர்ப் பெரியோர் சபையும் இருந்த இடத்தில் ஆயுதம் தாங்கிய தளபதி வந்து நின்றான். காபூல் ஆணையால் செய்ய இயலாததைப் போர் செய்து முடித்தது. பழைய கிராமத் தலைமை அழிந்தது. ஆயின் அதன் இடத்தில் நீதி வரவில்லை.

படை விலகலும் விளைவும்

1986 செப்ரெம்பரிற் களத்துக்கு வந்த ஸ்ரிங்கர் ஏவுகணைகளே போரின் முடிவைத் தீர்மானித்தன என்பர். அவை ஹெலிகொப்டர்களின் செயற்பாட்டைக் கட்டுப்படுத்தின என்பது உண்மையே. ஆயின் அதே ஆண்டு பெப்ரவரியிலேயே கொர்பச்சேவ் இப்போரைக் குருதி வழியும் புண் என வருணித்து, வெளியேறும் எண்ணத்தை வெளிப்படுத்தியிருந்தார். நவம்பரில் நடந்த அரசியற் குழுக் கூட்டத்தில் மார்ஷல் அக்ரோமேயேவ் கூறியது இன்னும் தெளிவானது: சோவியத் வீரன் கைப்பற்றாத நிலம் அந்நாட்டில் இல்லை, எனினும் நாட்டின் பெரும்பகுதி கிளர்ச்சியாளர் வசமே உள்ளது. நிலத்தைப் பிடித்தல் வேறு, ஆட்சியை வேரூன்றச் செய்தல் வேறு என்ற இவ்வுண்மையை உணர ஏழாண்டுகள் சென்றன.

1988 ஏப்ரலில் ஜெனீவா உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. படை விலகியதும் நஜிபுல்லாவின் அரசு உடனே வீழ்ந்துவிடும் என்ற எதிர்பார்ப்புப் பொய்த்தது. 1989 மார்ச்சில் ஜலாலாபாத்தை முற்றுகையிட்ட முஜாஹிதீன் தோல்வியுற்றனர். அந்நியப் படை நீங்கியதும் அதனை எதிர்த்த ஒற்றுமையும் நீங்கிவிட்டமையே இதற்கு ஒரு காரணம். மொஸ்கோவின் உதவி நின்ற பின்னரே, 1992 ஏப்ரலில் அவ்வரசு வீழ்ந்தது. அதன்பின் வெற்றி பெற்றோர் தம்முட் பொருது காபூலைச் சிதைத்தனர்; 1996இல் தலிபான் நகரினுட் புகுந்தனர். 2001இல் ஐக்கிய அமெரிக்காவின் தலைமையில் வந்த மற்றோர் அந்நியப் படையும் இருபதாண்டுகளின் பின் 2021 ஓகஸ்டில் வெளியேற, தலிபானே மீண்டும் ஆட்சியைப் பற்றினர்.

முடிவுரை

இவ்வரலாற்றைச் சமயத்துக்கும் நாத்திகத்துக்கும் இடையே நிகழ்ந்த போராகவோ, இரு வல்லரசுகளின் பலப்பரீட்சையாகவோ மட்டும் நோக்குதல் போதாது. குடியானவனின் பெயரால் ஆணையிட்டோர் அவனுடைய நீரையும் விதையையும் பற்றி அவனிடம் கேட்கவில்லை. அவனுடைய பெயரால் ஆயுதம் பெற்றோர் போர் முடிந்த பின் அவனிடம் கணக்குக் கூறவில்லை. நீதியான இலட்சியமாயினும் அதனைத் துப்பாக்கி முனையில் வெளியிலிருந்து கொண்டுவருவோர், அவ்விலட்சியத்துக்கே பகைவரை உண்டாக்குகின்றனர். பெண் கல்வி என்ற சொல்லே அந்நிய ஆட்சியின் சின்னமாக அந்நாட்டிற் பலராற் கருதப்படும் அவலத்துக்கு 1978இன் அவசரமும் ஒரு காரணம். அவ்வவசரத்தின் விலையை இன்றும் செலுத்துவோர் ஆணையிட்டோரல்லர். பாடசாலை வாசல் அடைக்கப்பட்டுக் கிடக்கும் ஆப்கானியச் சிறுமியரே.