பிள்ளை வளர்க்கிற பாடம் எங்கிருந்து வந்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

மனைப் பொருளியல் பாடத்தில் கர்ப்பிணித் தாயின் உணவு, தாய்ப்பால், சிசுவின் வளர்ச்சி என்றெல்லாம் வருகிறது. "பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு இது எதுக்கு டீச்சர், வயசு வந்தா தானா வரும்தானே" என்று உம்மாமார் கேட்பது எங்களுக்குப் பழகிப்போன கேள்வி. ஆண்பிள்ளைகளின் வாப்பாமார் இதைக் கேட்பதே இல்லை. அவர்களின் மகன்மார் அந்தப் பாடத்தை எடுப்பதில்லை, அவ்வளவுதான் காரணம். இரண்டுக்கும் பதில் இந்தப் பாடத்தின் பழைய கதையில்தான் இருக்கிறது.

முதலில் 'தானா வரும்' என்பதை எடுப்போம். அது பொய்யல்ல. நமது கிழக்குக் கரையில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிற வழக்கம். முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் ஒன்றுதான். அதனால் தாயும் மகளும் பேரப்பிள்ளையும் ஒரே வளவுக்குள் இருந்தார்கள். ராத்தாவின் பிள்ளை, சாச்சியின் பிள்ளை என்று நாலைந்து குழந்தைகள் வளர்வதைப் பார்த்த பிறகுதான் ஒரு பெண் தன் பிள்ளையைக் கையில் எடுத்தாள். மூத்தம்மாவும் மருத்துவிச்சியும் பக்கத்திலேயே இருந்தார்கள். பள்ளிக்கூடம் இல்லாத பள்ளிக்கூடம் அது.

ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எங்களால் முடியாது. மலேரியா நாட்டை அழித்த 1935இல், இலங்கையில் உயிருடன் பிறந்த ஒவ்வொரு 1000 குழந்தைகளிலும் 263 முதல் பிறந்த நாளைக் காணவில்லை. நாலில் ஒன்றுக்கும் மேல். 1946இல் அது 141. 1950இல் 82. இன்று பத்துக்கும் குறைவு. மூத்தம்மாமாரின் அன்பு 1935இலும் குறைவாக இருக்கவில்லை. மாறியவை வேறு. டிடிடி மருந்தடித்து நுளம்பை ஒழித்தார்கள், ஆஸ்பத்திரிகள் பெருகின. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவி, பயிற்சி பெற்ற மருத்துவமாதுவை, நாம் சொல்கிற 'மிட்வைப் மிஸ்'ஸை, வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. எழுத்து வாசித்த பெண் கிளினிக்குக்குப் போனாள், சொன்னதை எழுதி வைத்தாள், அடுத்த முறை கேள்வி கேட்டாள். எங்கள் பார்வையில் இந்தக் கடைசிக் காரணத்துக்குத்தான் நாம் குறைவாக நன்றி சொல்லியிருக்கிறோம்.

சரி, பள்ளிக்கூடத்துக்குள் இந்தப் பாடம் எப்படி நுழைந்தது? அதன் தொடக்கம் அவ்வளவு அழகானதல்ல. போயர் யுத்தத்துக்கு ஆள் சேர்த்தபோது இங்கிலாந்தின் ஏழை இளைஞர்களில் பலர் உடல்தகுதி இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சாம்ராஜ்யத்துக்குப் பயம் பிடித்தது. 1904இல் அரசாங்கக் குழு ஒன்று அறிக்கை கொடுத்தது. குடிசையும் பசியும் கண்ணுக்கு முன்னால் இருந்தும், குற்றத்தின் பெரிய பங்கு தாய்மாரின் 'அறியாமை' மேல் விழுந்தது. சிறுமிகளுக்குக் குழந்தை பராமரிப்பைக் கற்பியுங்கள் என்றார்கள். தகப்பனைப் பற்றிப் பேச்சே இல்லை. பெண்ணுக்குத் தையலும் சமையலும் சிசு பராமரிப்பும், ஆணுக்கு மரவேலை என்ற பிரிப்பு அவர்களின் ஆட்சியோடு நம் பாடசாலைகளுக்கும் வந்தது. ஆட்சி போய்விட்டது, பிரிப்பு இன்னும் நேரசூசியில் இருக்கிறது.

இலங்கையில் இதை வேறு மனதோடு செய்தவர் டொக்டர் மேரி இரட்ணம். கனடாவில் பிறந்து மருத்துவம் படித்தவர். இலங்கைத் தமிழர் ஒருவரை மணந்து 1896இல் இங்கு வந்தார். அந்தத் திருமணத்துக்காகவே மிஷன் அவருக்கு யாழ்ப்பாணத்தில் வேலை கொடுக்க மறுத்தது. அவர் கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். பாடசாலைகளுக்குச் சுகாதாரக் கைநூலும், ஆசிரியர்களுக்கு மனைத்தொழில் கைநூலும் எழுதினார். 1930களின் தொடக்கத்தில் லங்கா மகிளா சமிதியை உருவாக்கி, கிராமத்துப் பெண்களுக்குப் போஷாக்கையும் குழந்தை வளர்ப்பையும் கொண்டுபோனார். 1958இல் மகசேசே விருது கிடைத்தது. ஆசிரியர் பயிற்சியில் பியாஜேயைப் பாடமாக்கிய எங்களில் எத்தனை பேருக்கு இந்த அம்மாவின் பெயர் தெரியும்?

நாம் தெருவுக்குத் தெரு 'மொண்டிசோரி' என்று சொல்கிற பெயருக்குரியவரும் இங்கே வந்திருக்கிறார். மரியா மொண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். யுத்தம் காரணமாகத் திரும்ப முடியாமல் இந்தியாவிலேயே தங்கினார். 1944இல் இலங்கையிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார். அந்தக் காலத்தில் அவர் அதிகம் பேசியது முதல் மூன்று வயதைப் பற்றி. பிள்ளை மொழியைப் படிப்பதில்லை, உறிஞ்சிக்கொள்கிறது என்பதுதான் சாரம். இன்று நாம் அவர் பெயரைப் போர்டில் எழுதிவிட்டு, மூன்று வயதுப் பிள்ளைக்கு வீட்டுவேலைக் கொப்பி கொடுக்கிறோம்!

பிறகு 1972 கல்விச் சீர்திருத்தம். தொழில்முன்னிலைப் பாடங்கள் என்று கையால் செய்கிற வேலைகள் எல்லாருக்கும் வந்தன. அதே சீர்திருத்தம் பாடசாலை சேரும் வயதை 5இலிருந்து 6 ஆக்கியது. சில வருடங்களில் இரண்டும் திரும்பிப் போயின. இப்போது மனைப் பொருளியல் சாதாரண தரத்தில் விருப்பப் பாடங்களில் ஒன்று. எடுக்கிறவர் எடுக்கலாம்.

வெளிநாட்டில் செய்துபார்த்த விசித்திரங்களையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1919 முதல் 1969 வரை, மனையியல் மாணவிகள் பழகுவதற்கு அனாதைக் குழந்தைகளை இரவலாக எடுத்தார்கள். மாணவிகள் முறைவைத்துத் தாயாக இருந்தார்கள். 1920இல் வந்த முதல் குழந்தைக்கு டிக்கி டொமெகொன் என்று பெயர். டொமெகொன் என்பது பாடத்தின் பெயரைச் சுருக்கியது. பாடமே பிள்ளைக்குக் குடும்பப் பெயர்! இன்னொன்று, இரவில் அழுகிற பொம்மை. மேற்கு அவுஸ்திரேலியாவில் 57 பாடசாலைகளில் சிறுமிகளை வைத்து அதைச் சோதித்தார்கள். பயந்து கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவார்கள் என்று பார்த்தால், 2016இல் லான்செட் இதழில் வந்த முடிவு நேர்மாறு. பொம்மை வைத்திருந்தவர்களில்தான் கர்ப்பமானவர்கள் அதிகம். பயமுறுத்துவது பாடமாகாது என்று நாங்கள் இதைப் புரிந்துகொள்கிறோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். மூதூர், தோப்பூர், ஈச்சிலம்பற்று, இலங்கைத்துறை, வெருகல் என்று இந்தக் கரையில் அந்த 'வளவுப் பள்ளிக்கூடம்' பல தடவை கலைந்தது. சுனாமி ஒரு பக்கம். 2006இல் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கும், ஈச்சிலம்பற்றுப் பக்கத்துத் தமிழர்கள் மட்டக்களப்புக்கும் ஓடியது இன்னொரு பக்கம். கூடாரத்தில் குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று தாய் தகப்பன் ஆகிறார்கள். அதற்கெல்லாம் முன்பிருந்தே உம்மாமார் சவூதிக்கும் குவைத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். 5 வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகக் கூடாது என்று 2013இல் அரசாங்கம் கட்டுப்பாடு வைத்தது. பொருளாதாரம் விழுந்த 2022இல் அந்த வயதை 2 ஆக இறக்கியது. உம்மா போன பிறகு மூன்று வயதுத் தம்பியைக் குளிப்பாட்டி, ஊட்டி, காய்ச்சலுக்குப் பனடோல் கரைத்துக் கொடுப்பது யார்? பத்தாம் ஆண்டில் எங்கள் முன்னால் தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருக்கிற ராத்தாதான். 'இந்த வயசில எதுக்கு' என்ற கேள்வியை அவளிடம் கேட்டுப் பாருங்கள்.

இந்தப் பாடம் படிப்பித்தால் கலியாண ஆசை வரும் என்று சொல்பவர்களுக்கும் ஒன்று. 1995இல் நாட்டின் பொதுச் சட்டம் திருமண வயதை 18 ஆக்கியபோது, 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் கீழ் வருகிற நம் பிள்ளைகளுக்கு அது பொருந்தவில்லை. பள்ளியைவிட்டு இடையில் நின்ற பிள்ளைகளின் பெயர்களை இடாப்பில் சிவப்புப் பேனையால் வெட்டியிருக்கிறோம். அவர்களை வீட்டுக்கு அனுப்பியது மனைப் பொருளியல் புத்தகம் அல்ல.

அடுத்த தவணை, மனைப் பொருளியல் எடுத்தவர், விவசாயம் எடுத்தவர் என்று பார்க்காமல், தரம் 10 ஆண்பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்து நான்கு பாடவேளை கிளினிக் கொப்பி வாசிக்கப் போகிறோம். நிறை ஏறும் கோடு எந்த நிறத்துக்குள் போகிறது, எத்தனை மாதத்தில் தவழ்கிறது, எப்போது கதைக்கத் தொடங்குகிறது, கோடு படுத்துவிட்டால் யாரிடம் போவது, இவ்வளவுதான். வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பவர்கள் அந்தக் கொப்பியை ஒரு நாளைக்கு மூத்த பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். பெயர் எழுதிய பக்கத்தை மூடித்தான் காட்டுவோம். பின்னேரமே திருப்பித் தருவோம், அடுத்த நாள் கிளினிக் இருந்தாலும் பயமில்லை.